"படிக்காத மேதை" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

எங்கள் குடியிருப்பின் புது மதில் சுவரில் போன மாதம் ஒரு மான் கூட்டம் ஓடியது. வெள்ளையடிக்க வந்த ஜார்க்கண்ட் பையன், சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கரியால் வரைந்தது. "சுவரைப் பாழாக்கிட்டான்" என்றார் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர். மறுநாள் அவன் கையாலேயே அதை வெள்ளையடித்து மறைக்க வைத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதே நண்பர் இந்த வாரம் வாட்ஸ்அப்பில் பூரி பாய் படத்தை அனுப்பி, "படிக்காத மேதை" என்று கும்பிடு போட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூரி பாய், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்துப் பில் பழங்குடிப் பெண். போபாலில் பாரத் பவன் கட்டியபோது அங்கே கூலி வேலை செய்தவர். 1982-ல் திறந்த அந்த நிறுவனத்தின் கலைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர். ஊரில் சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்த நாளுக்குக் கூலியும் கொடுத்தார். பூரி பாய்க்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் "படிக்காத" எங்கே வருகிறது? இலைச்சாறும் ரொட்டிக்கல் கரியும் கொண்டு சின்ன வயதிலிருந்தே வரைந்து பழகிய கை அது. அவருக்கு இல்லாமல் இருந்தது காகிதமும், கூலி போகாத ஒரு நாளும், கேட்க ஒரு ஆளும்தான்.

"திறமை இருந்தா தானா வெளியே வரும் சார்" என்பார்கள். சுத்தப் பொய். அமெரிக்காவின் அலபாமாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர் பில் டிரெய்லர். எண்பது வயதுக்கு மேல் மாண்ட்கமரி நகரத் தெருவோரம் உட்கார்ந்து, பழைய அட்டைகளில் ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். சார்லஸ் ஷானன் என்ற இளம் ஓவியர் வண்ணம் வாங்கிக் கொடுத்து, படங்களைப் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். டிரெய்லர் இறந்தது 1949-ல். ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2018-ல். வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்கிறோம். வெள்ளையடித்து மறைத்ததை யார் எண்ணினார்கள்?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை, வரைகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் ஷிப்டு முடிந்து விடுதியில் தூங்குகிறார்கள்! 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. விடுதிச் சுவர் ஒன்று, நாலு டப்பா பெயிண்ட், சம்பளம் பிடிக்காத அரை நாள் விடுப்பு. இது பெரிய செலவா?

கம்பெனியை மட்டும் சொல்லி நான் நழுவ முடியாது. அந்தப் பையன் வேறு சைட்டுக்குப் போய்விட்டான். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், மதிலின் பின்பக்கச் சுவரை வரைகிறவர்களுக்கு விடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். வரைகிற நாளுக்குக் கூலியோடு. என்னோடு கை தூக்க யார் வருகிறீர்கள்?