கணக்கில் வராத மிச்சம்

இந்த வாரம் சிக்கனத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீ யாருக்குச் சொல்லப் போகிறாய்? உன் வாசகிகள் அல்லவா உனக்குச் சொல்லித் தர வேண்டும்!" என்றார்.

வாஸ்தவம்தான். பீர்க்கங்காய் கூட்டுக்கு, அதன் தோல் துவையலுக்கு என்று பிரிக்கத் தெரியாதவர் உங்களில் யார்? தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதியைக் கூட்டாக்கவும், வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வதக்கவும், வடித்த கஞ்சியில் பருத்திப் புடவையை முக்கி உலர்த்தவும் நான் சொல்லியா நீங்கள் கற்றுக் கொள்ள வேண்டும்? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும்.

ஆகையால், எப்படி மிச்சம் பிடிப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று சொல்லப் போகிறேன். எங்கள் எதிர் வீட்டில் நடந்த விஷயம் இது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படக் கூடிய பங்கு அல்ல.

2020-ஆம் வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததே, நினைவிருக்கிறதல்லவா? மறந்தால்தானே! அப்போது எங்கள் எதிர்ப் போர்ஷனில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன், பெண் ஒருத்தி. அவர் ஒரு சிறிய கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஏப்ரலில் பாதிச் சம்பளம் வந்தது. மே மாதத்தில் அந்தப் பாதியும் இரண்டு தவணையாக வந்தது. போதாக்குறைக்கு மே முதல் வாரத்தில் கோயம்பேடு மார்க்கெட்டையும் மூடிவிட்டார்கள். தெருவுக்கு வந்த தள்ளுவண்டிக்காரர் சொன்னதுதான் விலை.

அந்தப் பெண் அசரவில்லை. பையனுடைய பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, ஒரு கணக்கு நோட்டுப் போட்டாள். அந்த ஏப்ரலில் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் இலவசமாகக் கொடுத்து, கையில் 1,000 ரூபாயும் கொடுத்தார்கள் அல்லவா? அதை முதல் வரியில் வரவு வைத்தாள். காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்தாள். குழம்பு ஒருமுறை கொதித்துவிட்டால் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகப் போகும் என்று பெண்ணின் பாடப் புத்தகத்தில் படித்தாளாம். அன்றிலிருந்து கொதி வந்தவுடன் அடுப்பைச் சின்னதாக்கி மூடி போட்டு விடுவாள். பருப்பையும் பயறையும் முன்கூட்டியே ஊற வைத்து விடுவாள். சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வந்தது!

வீட்டில் முணுமுணுப்பு இருந்ததா என்றால், அதுதான் இல்லை. "அப்பாவுக்குச் சம்பளம் பாதிதான்" என்று முதல் நாளே குழந்தைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். இதைப் பாராட்டத்தான் வேண்டும். நம்மில் பலர் குழந்தைகளிடம் மறைக்கிறோம். அவை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்து போகின்றன. இவள் வீட்டில் சாயங்காலமானால் மொட்டை மாடியில் ஒரே அமர்க்களம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பையன் பரமபதம் வரைந்தான். புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயக்கட்டையாக்கினார்கள். மாமியார்க் கிழவி கள்ள ஆட்டம் ஆடுகிறாள் என்று பேத்தி போடுகிற கூச்சல் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். கஷ்ட காலத்தில் இப்படிச் சந்தோஷமாக இருந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

ஜூலையில் ஒரு நாள் அந்த நோட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். அரைப் பக்கத்துக்கு ஒரு நாள். என்ன சமைத்தாள், எவ்வளவு சமைத்தாள், என்ன செலவு, எல்லாம் முத்து முத்தான எழுத்தில். ஒரு ரூபாய் கடன் இல்லை. "சபாஷ்! உன்னைப் பார்த்து இந்தத் தெருவே கற்றுக் கொள்ள வேண்டும்" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அக்டோபரில் துணி உலர்த்தப் போனவள் மாடிப்படியில் உட்கார்ந்து விட்டாள். உட்கார்ந்தாள் என்றால், விழாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு சரிந்தாள். "ஒன்றுமில்லை மாமி, லேசாகத் தலை சுற்றல்" என்றாள். உதடு வெளுத்திருந்தது. விசாரித்தால், நாலு மாதமாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். வயசாகிறது என்று நினைத்துக் கொண்டாளாம். வயசு முப்பத்தெட்டு!

அவள் கணவரும் நானும் ஆட்டோவில் அழைத்துக் கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். லேடி டாக்டர் பொறுமைசாலி. "நேற்று என்னம்மா சாப்பிட்டாய்? காலையிலிருந்து சொல்லு" என்று கேட்டார்.

"காலையில் காபி டாக்டர். மத்தியானம் மோர் சாதம். சாயங்காலம் காபி. ராத்திரி... இருந்ததைச் சாப்பிட்டேன்."

"என்ன இருந்தது?"

பதில் இல்லை. அவள் புடவைத் தலைப்பின் நுனியைப் பார்த்துக் கொண்டிருந்தாள். கணவர் அவளைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி மறுபடி புரட்டினேன். "இரவு: சப்பாத்தி 12" என்று இருந்தது. அவருக்கு நாலு, பையனுக்கு நாலு, பெண்ணுக்கு இரண்டு, மாமியாருக்கு இரண்டு. கணக்குச் சரியாகிவிட்டது. வீட்டில் ஐந்து பேர். பால் ஒரு லிட்டரிலிருந்து முக்கால் லிட்டராகக் குறைந்திருந்தது. குறைந்த கால் லிட்டர் யாருடையது என்று கேட்பானேன்? ஜூலையில் இதே பக்கங்களைப் பார்த்துத்தான் நான் சபாஷ் போட்டேன். கூட்டிப் பார்த்தேனே தவிர, ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கவில்லை.

சகோதரிகளே, இது ஏதோ ஒரு வீட்டுச் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். கடைசியில் சாப்பிடுவது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மாதவிலக்கும் பிரசவங்களும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வயிற்றுப் பூச்சியும் உண்டு. ஆனால் ஏற்கெனவே குறைவாக உள்ள இடத்தில் கஷ்ட காலம் வந்தால், முதல் கத்தரி எங்கே விழுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சின்ன வயதில் நான் படுத்துக் கொண்ட பிறகு சமையலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். வெண்கலப் பானையின் அடியை அகப்பை சுரண்டுகிற சத்தம். அம்மா சாப்பிட உட்காருகிறாள் என்று அர்த்தம். சில நாள் சுரண்டல் நெடுநேரம் கேட்கும். 1965-ல் யுத்தமும் உணவுத் தட்டுப்பாடும் ஒரே சமயத்தில் வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி எல்லோரையும் கேட்டுக் கொண்டார். திங்கட்கிழமை இரவு என்று ஏற்பாடு. பல ஹோட்டல்களில் அன்று மாலை அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வீட்டிலும் தாத்தாவிலிருந்து சித்தப்பா வரை எல்லோரும் பட்டினி. குழந்தைகளுக்கு மட்டும் ஒரு டம்ளர் கஞ்சி. பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள்: "அந்தத் திங்கட்கிழமைகள் எனக்கு நிம்மதியாக இருந்தன. பானையில் மிஞ்சுமா மிஞ்சாதா என்று பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டாம். எல்லோர் வயிறும் ஒன்று போல." வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் அன்று சிரித்தேன்.

எதிர் வீட்டுக்கு வருவோம். ஏழு என்கிற கணக்கைக் கீரையை மட்டும் வைத்து ஏற்றிவிட முடியாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். உங்களுக்கும் மூச்சு வாங்கல், தலைசுற்றல், ஓயாத அசதி இருந்தால் வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்த வேண்டாம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது.

மாத்திரையோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கக் கூடாதாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுத்து விடுகிறது. ஒரு மணி நேரமாவது போக வேண்டும். (இதைக் கேட்டு என் வீட்டில் ஒரு வாரம் பெரிய ரகளை. அதை இன்னொரு சமயம் சொல்கிறேன்.) எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவையெல்லாம் அதற்கு நேர் எதிர்; கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர உதவி செய்கின்றன. ஆகவே சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் அல்ல.

முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, முளை கட்டின பயறு, இவை எதுவும் பணக்காரச் சாப்பாடு அல்ல. எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. காயை மட்டும் பறித்துக் கொண்டு கீரையை விட்டு விடுவோம். அசைவம் சாப்பிடுகிற வீடுகளில் ஈரலும் நெத்திலியும் இன்னும் விசேஷம்; அதில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். பரண் மேல் போட்ட பழைய இரும்புச் சட்டியை இறக்கிக் கழுவி, புளிக் குழம்பை அதில் வையுங்கள். சட்டியின் இரும்பும் குழம்பில் கொஞ்சம் இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி விடுங்கள். இல்லாவிட்டால் கறுத்துப் போகும்.

"இதற்கெல்லாம் காசு?" என்று அவள் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா? நியாயமான கேள்விதான். அதற்கு அவள் கணவர் பதில் சொன்னார். தன்னுடைய செல்போனுக்கு மலிவான திட்டம் போதும் என்றார். குழந்தைகள் பிஸ்கட் பாக்கெட்டை விட்டார்கள். மாமியார் சாயங்கால இரண்டாவது காபியை விட்டார். அதுவரை அந்த வீட்டுச் சிக்கனத்தை ஒருத்தியே தூக்கிக் கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபோது ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டார்கள். இந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற கணவன்மார்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரின் தட்டை இன்றிரவு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்காதீர்கள். "ஆச்சு" என்றுதான் பதில் வரும்.

அந்த வீட்டில் ஐந்து தட்டையும் முதலிலேயே பரப்பி, ஐந்திலும் பரிமாறி விட்டுத்தான் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஏற்பாடு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமியார்! "நான் ஐம்பது வருஷம் அடிப்பானையில் சாப்பிட்டேன். அதில் எனக்கு என்ன பதக்கம் கொடுத்தார்கள்?" என்று கேட்டாராம். பௌர்ணமியன்று மாடியில் நிலாச்சோறு. கிழவிதான் கையில் உருட்டிப் போடுவார். முதல் உருண்டை மருமகளுக்கு. பேரன் கையை நீட்டினால், "இரு, உன் முறை வரும்" என்பார். பிப்ரவரியில் ரத்தம் பத்தரைக்கு ஏறிவிட்டது. அவருக்குச் சம்பளம் முழுசாக வருவதற்கு 2021 தீபாவளி ஆயிற்று என்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு நாள் நோட்டை மறுபடி காட்டினாள். இந்தத் தடவை சபாஷ் சொல்வதற்கு முன்னால் வகுத்துப் பார்த்தேன். "சப்பாத்தி 15" என்று இருந்தது.

"மாவு அதிகமாகச் செலவாயிருக்குமே?" என்றேன்.

"இல்லை மாமி, அதே மாவுதான். கொஞ்சம் மெல்லிசாக இட்டேன்" என்றாள்.