நன்னடத்தையும் மனமாற்றமும்

சிறைக்குள் நடைபெறும் சிகிச்சை வகுப்பிலே பாலியற் குற்றவாளி ஒருவன் கண்ணீர் மல்கப் பேசுகின்றான். இட்ட பாடங்களை முடிக்கின்றான். வைத்தியரின் பாராட்டையும் பெறுகின்றான். தவணைக்கு முன் அவனை விடுவிக்கலாமா? இவ்வினாவுக்குத் தவறான விடை பகர்ந்தால் அதன் விலையைச் செலுத்துவோர் நீதிபதிகளல்லர், பெண்களும் பாலகருமே.

கனடாவின் அனுபவம் இங்கு சிந்திக்கத்தக்கது. ஒன்ராறியோ மாகாணத்து வார்க்வேர்த் சிறையில் சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்த சீட்டோ, பார்பரி என்னும் அறிஞர் இருவர், றொபேட் ஹெயர் வகுத்த அளவுகோலைக் கையாண்டனர். இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை, நாவன்மையால் ஏமாற்றல் முதலாய 20 இயல்புகளை 40 புள்ளிக்கு அது மதிப்பிடும். இவ்வியல்புகளின் தொகுதியையே 'சைக்கோபதி' என்பர். இப்புள்ளி மிகுந்திருந்தும் வகுப்பிலே நல்லபிள்ளையாய் நடந்தவர்கள், பாரதூரமான குற்றத்தை மீண்டும் இழைக்கும் வாய்ப்பு ஏனையோரினும் ஐந்து மடங்கு என 1999இல் அவர்கள் வெளியிட்டனர்.

“பார்த்தீர்களா? சிகிச்சை இவர்களைக் கெட்டிக்காரக் கயவராக்குகின்றது” என்றனர் பலர். நாய் வாலை நிமிர்த்தலாமோ என்ற பழமொழிக்கு விஞ்ஞானமே சான்று பகர்ந்ததாக எண்ணினர்.

ஆனால், ஒரு போக விளைச்சலைக் கொண்டு வயலை மதிப்பிடும் உழவன் உண்டோ? அம்மனிதரையே மேலும் நெடுங்காலம் தொடர்ந்து, பூரணமான குற்றப் பதிவுகளுடன் ஒப்பிட்ட பார்பரி, முன்னைய முடிவு நிலைக்கவில்லை என்று 2005இல் தாமே எழுதினார். சஸ்கச்சவான் மாகாணத்தில் 156 பேரைச் சுமார் பத்தாண்டுகள் அவதானித்து 2009இல் வெளிவந்த ஆய்வோ, உண்மையாக மாற்றமடைந்தவரிடம், சைக்கோபதிப் புள்ளியைக் கணக்கிற் கொண்ட பின்னரும், மீள்குற்றம் குறைந்ததைக் காட்டியது.

ஆகவே, இரு பிழைகளைச் சட்டம் தவிர்த்தல் வேண்டும். இன்சொல்லை மனமாற்றமெனக் கொண்டு சிறைக்கதவைத் திறப்பது ஒன்று. புள்ளியைத் தலையெழுத்தாகக் கொண்டு சிகிச்சையை மறுப்பது மற்றொன்று. சிகிச்சை பெறாதவனும் தண்டனை முடிந்ததும் ஒருநாள் வெளியே வருவான் அன்றோ?

வகுப்பில் எப்படி நடந்தான் என்பதன்று கேள்வி. எந்த இச்சையும் எந்த எண்ணமும் அவனைக் குற்றத்திற்கு இழுத்தனவோ, அவை மாறினவா என்பதே கேள்வி. விடுதலையின் பின்னரும் நீண்ட கண்காணிப்பு அவசியம். தம் முடிவைத் தாமே திருத்திய அந்த ஆய்வாளரின் நேர்மை, நீதி வழங்குவோருக்கும் வேண்டும்.