ஏற்காடு டு ஐ.டி வேலை: எந்த சர்டிஃபிகேட்டுக்குக் காசு கட்டலாம், எதுக்குக் கட்டவே கூடாது?

ஏற்காட்டுல மிளகைப் பறிச்சு, காயவெச்சு, வித்த காசு கைக்கு வர்ற நேரமும், காலேஜ் கடைசி செமஸ்டர் முடியுற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சரியா அந்த நேரத்துல மலையிறங்கி சேலம் பக்கம் போனா, `மூணே மாசத்துல ஐ.டி வேலை, 100% பிளேஸ்மென்ட்'னு போஸ்டர் கண்ணுல படும். போனைத் திறந்தா இன்ஸ்டாவிலும் அதே விளம்பரம். வீட்டுல இருக்குற ஒரே சேமிப்பு, ஒரே ஒரு முடிவுல போயிடக்கூடிய நேரம் அது.

இதை நான் எழுதுறதுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு. பிளஸ் டூ முடிச்ச லீவுல `ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங்' கோர்ஸ் ஒண்ணுல சேர்ந்தேன். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். கடைசியில தங்க நிற பார்டர் போட்ட சர்டிஃபிகேட் கொடுத்தாங்க. அதை எடுத்துக்கிட்டு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். "கம்ப்யூட்டருக்கு ஐ.பி அட்ரஸ் தானா எப்படிக் கிடைக்குது?"னு கேட்டாங்க. திருதிருன்னு முழிச்சேன். சர்டிஃபிகேட் ஃபைல்ல இருந்தது, பதில் தலையில இல்லை. அப்புறம் நான் பத்திரிகைப் பக்கம் வந்துட்டேன், அது வேற கதை. ஆனா, அந்தச் சீட்டுப் பணம் இன்னமும் மனசுல உறுத்துது.

அதனால, எந்த சர்டிஃபிகேட் வேலைக்கு வழி காட்டும், எது வெறும் காகிதம்னு கொஞ்சம் நிதானமா பார்த்துடலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

ஒரு பக்கம், வேலை சென்னையை விட்டு வெளியேயும் வர ஆரம்பிச்சிருக்கு. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்துல எல்காட் ஐ.டி பூங்கா ஏற்கெனவே இருக்கு. 2024 செப்டம்பர்ல கருப்பூர் பகுதியில `டைடல் நியோ' மினி ஐ.டி பூங்காவும் திறந்தாங்க. சுமார் 55,000 சதுர அடி, கிட்டத்தட்ட 500 பேர் வேலை பார்க்கிற அளவு. ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினா சேலம். சுமார் 30 கிலோமீட்டர்தான். பெங்களூர்ல ரூம் எடுக்காம, வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே ஐ.டி வேலைங்கிறது முன்ன மாதிரி வெறும் கனவு இல்லை.

இன்னொரு பக்கம், டி.சி.எஸ் நிறுவனம் 2025 ஜூலையில தன் ஊழியர்கள்ல 2 சதவிகிதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவங்களைக் குறைக்கப்போறதா அறிவிச்சது. அது பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை வேலைகள்தான். ஆனாலும், ஆரம்ப நிலையில இருந்த திரும்பத் திரும்பச் செய்யுற வேலைகளை இப்போ ஏ.ஐ செய்ய ஆரம்பிச்சிருக்கு. பாஸ்வேர்டு ரீசெட் பண்றதுக்கு மட்டும் இனிமே ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க மாட்டாங்க.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா விஷயம் புரியும். வாசல் கிட்ட வந்திருக்கு, ஆனா உள்ளே விடுறதுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி கஷ்டமாகியிருக்கு.

ரெண்டு சர்டிஃபிகேட்டும் ஒண்ணு இல்லைங்க

பலபேர் குழம்புற இடம் இதுதான். முதல் வகை, `இவர் இந்த வகுப்புல உட்கார்ந்தார்'னு சொல்ற சான்றிதழ். தெருமுனை சென்டர்ல கொடுக்கிறது, ஆன்லைன்ல வீடியோ பார்த்து முடிச்சதும் வர்றது, எல்லாம் இதுல சேரும். ரெண்டாவது வகை, ஓர் அமைப்பு கண்காணிப்போட தேர்வு வெச்சுக் கொடுக்கிறது. காம்ப்டியா, சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுக்கிறது இந்த ரகம். இதுல பாஸானா டிஜிட்டல் பேட்ஜ் வரும். ஹெச்.ஆர் ஒரு லிங்க்கைத் தட்டினாலே உண்மையான்னு தெரிஞ்சுடும்.

முதல் வகை கத்துக்க உதவும், தப்பே இல்லை. ஆனா, அதுக்கு 30,000, 40,000-னு கேட்டாங்கன்னா, ரெண்டாவது வகைத் தேர்வுக் கட்டணம் அதுக்குள்ள இருக்கான்னு கேளுங்க. `அது தனிங்க'ன்னு பதில் வந்தா, நீங்க வகுப்புக்கு மட்டும்தான் காசு கட்டப்போறீங்கன்னு அர்த்தம்.

எந்த வேலைக்கு எது?

`எந்த கோர்ஸ் படிக்கலாம்?'னு ஆரம்பிக்காதீங்க. `எந்த வேலைக்குப் போகப்போறேன்?'னு ஆரம்பிங்க.

*டெஸ்க்டாப் சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க்:* கம்ப்யூட்டர், பிரின்டர், வைஃபை பிரச்னைகளைச் சரிபண்ற வேலை. ஆபீஸ் மட்டுமில்லை, பள்ளிக்கூடம், ரிசார்ட், ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் இதுக்கு ஆள் வேணும். உலக அளவுல இதுக்கான அடிப்படைச் சான்றிதழ் காம்ப்டியா ஏ பிளஸ். ரெண்டு தேர்வு, ரெண்டு கட்டணம். மொத்தமா அஞ்சு இலக்கத்துல செலவாகும். 2025 மார்ச்சுல தேர்வோட புது வடிவம் (220-1201, 220-1202) வந்துடுச்சு. பழைய புத்தகத்தை வெச்சு யாராவது வகுப்பு எடுத்தா உஷார். நம்ம ஊர்ல ஃப்ரெஷர் வேலைக்கு ஏ பிளஸ் கட்டாயம்னு கேட்கிற கம்பெனிகள் குறைவு. அதனால பாடத்திட்டத்தை முழுசா படிங்க, தேர்வுக் கட்டணத்தை முதல் சம்பளத்துக்கு அப்புறம் யோசிங்க. கூகுளோட `ஐ.டி சப்போர்ட்' கோர்ஸ் கோர்ஸெராவில் இருக்கு. கட்டணம் கட்ட முடியாதவங்க சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

*நெட்வொர்க்கிங்:* இதுல சிஸ்கோவின் சி.சி.என்.ஏ-வுக்கு இன்னமும் மரியாதை இருக்கு. வேலை விளம்பரத்துல பேர் சொல்லிக் கேட்கிற ஆரம்ப நிலைச் சான்றிதழ்கள்ல இது முக்கியமானது. தேர்வுக் கட்டணம் 300 டாலர், நம்ம பணத்துல 25,000 ரூபாய்க்கு மேல. 3 வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். ஃபெயிலானா மறுபடியும் முழுக் கட்டணம். அதனால, `பாஸ் ஆயிடுவோம்ல'ங்கிற நம்பிக்கையில புக் பண்ணாதீங்க. மாதிரித் தேர்வுகள்ல தொடர்ந்து நல்ல மார்க் வந்த பிறகு பண்ணுங்க. பயிற்சிக்குப் பெரிய லேப் வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில `பேக்கெட் ட்ரேசர்' சாஃப்ட்வேர் இலவசம். ரௌட்டர், சுவிட்ச் எல்லாத்தையும் திரையிலேயே இணைச்சுப் பழகலாம். நான் முழிச்ச அந்த ஐ.பி அட்ரஸ் கேள்விக்கு, அதுல அரை மணி நேரம் செலவு பண்ணியிருந்தாலே பதில் தெரிஞ்சிருக்கும்.

*கிளவுட்:* எல்லாரும் சொல்ற வார்த்தை. அமேசானின் `கிளவுட் பிராக்டிஷனர்' தேர்வுக்கு 100 டாலர், 65 கேள்வி, 90 நிமிஷம். மைக்ரோசாஃப்ட்டின் `அஷூர் ஃபண்டமென்டல்ஸ்' (ஏ.இஸட்-900) ஒருதடவை பாஸானா காலாவதி ஆகாது. ரெண்டுமே சுலபமானவை. அதனாலேயே அதை மட்டும் வெச்சு வேலை கிடைக்காது. ஏற்காட்டுல சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடியை ஏத்திவிடுவாங்க இல்லையா, அந்த மாதிரிதான். மரம் இருந்தாத்தான் கொடி. லினக்ஸ், நெட்வொர்க்கிங் தெரிஞ்சவங்களுக்கு கிளவுட் சான்றிதழ் ஒரு கூடுதல் பலம். ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு அது வெறும் பேட்ஜ்.

*மெடிக்கல் கோடிங்:* பி.எஸ்ஸி விலங்கியல், தாவரவியல், நர்ஸிங், பார்மஸி படிச்சவங்க `ஐ.டி நமக்கு ஆகாது'ன்னு ஒதுங்கிடுறாங்க. அமெரிக்க ஆஸ்பத்திரிகளோட மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளா மாத்துற இந்த வேலை தமிழ்நாட்டுல நிறைய இருக்கு. இதுக்கான சி.பி.சி தேர்வு 4 மணி நேரம், 100 கேள்வி, 70% எடுத்தா பாஸ். ஆனா, முதல்லயே பெரிய தொகை கட்டித் தேர்வு எழுதத் தேவையில்லை. ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கிற கம்பெனிகளும் இருக்கு. முதல்ல அங்கே முயற்சி பண்ணுங்க.

*அரசு வேலை:* இதுதான் உங்க குறின்னா மேலே சொன்ன எதுவும் உதவாது. தட்டச்சர் மாதிரியான பணிகளுக்குக் கேட்கிறது, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற `சி.ஓ.ஏ' தேர்வு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல கேட்டாலே சொல்லுவாங்க. தனியார் சென்டர்ல கொடுக்கிற `டிப்ளமோ'வைக் காட்டி இதுக்குப் பதிலா வெச்சுக்க முடியாது.

காசு கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கதவுகளைத் தட்டுங்க

2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கின `நான் முதல்வன்' திட்டத்துல கல்லூரி மாணவர்களுக்கு நெட்வொர்க்கிங், கிளவுட், டேட்டான்னு பல பயிற்சிகள் இலவசம். பலபேர் அதை `அட்டெண்டன்ஸுக்கு ஒரு பேப்பர்'னு கடந்துடுறாங்க. வெளியில ஆயிரக்கணக்குல கட்டிப் படிக்கிற அதே பாடம் அங்கே இருக்கலாம், ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க. இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டும் இலவசம்.

பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு ஹெச்.சி.எல் டெக்பீ: ஒரு வருஷப் பயிற்சி, அப்புறம் வேலை, கூடவே டிகிரி. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு தாட்கோ மூலமா இந்தப் பயிற்சிக்கு வழி இருக்கு. சேர்வராயன் மலையில இருக்கிற மலையாளி பழங்குடி பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரணும். யாராவது தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சோஹோ நடத்துற பள்ளியில ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. டிகிரியே கேட்காம திறமையைப் பார்த்து எடுக்கிற கம்பெனியும் இருக்குங்கிறதுக்கு அது நல்ல உதாரணம்.

இன்னொண்ணு. வெறும் போன்ல இதையெல்லாம் கத்துக்க முடியாது. வீடியோ பார்க்கலாம், பழக முடியாது. அதனால கோர்ஸுக்கு வெச்சிருக்கிற காசுல ஒரு பகுதியை செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்குப் போடுறதுதான் பலருக்கும் லாபம்.

மலையில இருந்து தேர்வு எழுதப்போறீங்களா?

இந்தத் தேர்வுகள் பலதையும் வீட்டுல இருந்தே எழுதலாம்னு சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா கேமரா முன்னாடி தனி அறை, விடாத இன்டர்நெட், கரன்ட் எல்லாம் வேணும். நடுவுல கனெக்ஷன் போச்சுன்னா தேர்வே போகலாம். மழைக்காலத்துல ஏற்காட்டுல இந்த ரிஸ்க் எடுக்காதீங்க. சேலம், கோவை, பெங்களூர்னு உங்களுக்குத் தோதான தேர்வு மையத்தைப் பார்த்து நேர்ல போறது நல்லது. தேதியையும் யோசிச்சு எடுங்க. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னது ஞாபகம் இருக்கும்.

முக்கியமா பேர். நம்ம ஊர்ல இனிஷியல் வழக்கம். தேர்வுக்குப் பதிவு பண்ற தளமோ முதல் பேர், கடைசிப் பேர்னு கேட்கும். அடையாள அட்டையில இருக்கிற பேரும் பதிவுல இருக்கிற பேரும் பொருந்தலைன்னா மையத்து வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம், கட்டணமும் போயிடும். எந்த அடையாள அட்டையை ஏத்துக்கிறாங்கன்னும் பணம் கட்டறதுக்கு முன்னாடியே பாருங்க.

இதைக் கேட்டா எழுந்து வந்துடுங்க

`100% வேலை உத்தரவாதம்'னு வாயால சொல்லி, எழுதிக் கொடுக்க மாட்டேங்கிறாங்களா? `இன்னிக்கே கட்டினா பாதி ஃபீஸ்'னு அவசரப்படுத்துறாங்களா? கையெழுத்து வாங்குற காகிதத்துல உங்க பேர்ல லோன் இருக்கா? ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்கிறாங்களா? தேர்வுக் கேள்விகளை அப்படியே தர்றோம்னு சொல்றாங்களா? கடைசியா சொன்னது மாட்டினா சான்றிதழே ரத்தாகும். வேலை கொடுக்க `டெபாசிட்' கேட்டா, அது வேலையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

காசு கட்டறதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சுடுங்க. வேலைவாய்ப்புத் தளத்துல சேலம், கோவை, பெங்களூர்னு நீங்க போகத் தயாரா இருக்கிற ஊர்களைப் போட்டு, 0-1 வருஷ அனுபவம் கேட்கிற 20 விளம்பரங்களை எடுங்க. ஒரு நோட்டுல கோடு போடுங்க. எந்தத் திறமையை எத்தனை பேர் கேட்கிறாங்க? எந்த சர்டிஃபிகேட்டைப் பேர் சொல்லிக் கேட்கிறாங்க? நீங்க சேர நினைக்கிற கோர்ஸோட பேர் அந்த 20-ல ஒண்ணுலகூட வரலைன்னா, முடிவு உங்க கையிலேயே இருக்கு.

அப்புறம், அந்த சென்டர்ல போன வருஷம் முடிச்ச ரெண்டு பேரோட நம்பர் கேளுங்க. அவங்ககிட்ட `வேலை கிடைச்சுதா?'ன்னு கேட்காதீங்க. `இப்போ எங்கே, என்ன வேலை பார்க்கிறீங்க?'ன்னு கேளுங்க. ரெண்டு கேள்விக்கும் பதில் வேற வேற மாதிரி வரும்.

நான் அன்னிக்கு இந்த ரெண்டையும் செய்யலை. செஞ்சிருந்தா, அப்பாவோட சீட்டுப் பணம் வீட்டுலயே இருந்திருக்கும்.