ஓவர் ஸ்பீடு: அபராதம் கட்டினால் போதுமா? ஜெயிலும் உண்டா? முழு விவரம்

திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை, தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர் வழியாகத்தான் போகிறது. கேரளா செல்லும் லாரி, சபரிமலை சீசனில் பக்தர்களின் வேன், உள்ளூர்க்காரர்களின் டூவீலர்... எல்லாத்துக்கும் ஒரே ரோடுதான். இங்கே வேகமாகப் போனால் என்ன ஆகும்?

அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுப்படி, கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. லாரி, பஸ்ஸுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. மறுபடியும் சிக்கினால் லைசென்ஸ் பறிமுதல். டிரைவரை வேகமாக ஓட்ட வைக்கும் முதலாளிக்கும் இதே சட்டம்தான்.

ஜெயில் எப்போது?

ஆபத்தான முறையில் ஓட்டினால், முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அஜாக்கிரதையால் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர். 100-ல் 28 மீட்டர். ஆடு குறுக்கே வருவதைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போயிருக்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 71 சதவீத மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

மிச்சம் என்ன?

30 கி.மீ. தூரத்தை 60-ல் போனால் அரை மணி நேரம். 80-ல் போனால் மிச்சமாவது ஏழரை நிமிஷம்தான்.