தடுப்புகள் அகலும்போது பேருந்துக்கே முதல் இடம்

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காகச் சென்னையில் ஆற்காடு சாலை, பழைய மாமல்லபுரம் சாலை போன்ற முக்கியச் சாலைகளில் தடுப்புகள் வைக்கப்பட்டன. பணி முடிந்து அவை அகற்றப்படும்போது மீளும் சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கென ஒதுக்க வேண்டும்; எரிபொருளைச் சேமிக்கவும் அதுவே வழி. பெட்ரோல், டீசல் பயன்பாட்டைக் குறைப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலே மின்சாரக் கார், மின்சார ஸ்கூட்டர் என்றுதான் போகிறது. கணக்கோ வேறு சொல்கிறது. மாநகரப் பேருந்து ஒரு லிட்டர் டீசலில் சுமார் 4 கிலோமீட்டர்தான் ஓடும். அதில் 50 பேர் இருந்தால், அந்த ஒரு லிட்டரில் மொத்தம் 200 கிலோமீட்டர் பயணம் கிடைக்கிறது. ஒருவர் மட்டும் செல்லும் பைக்கில் கிடைப்பது சுமார் 50. தனியாள் காரில், நெரிசல் நேரத்தில், அதிலும் மிகக் குறைவு. புதிய தொழில்நுட்பத்துக்குக் காத்திராமல் இன்றே கைக்கு எட்டும் சேமிப்பு இது.

இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1895-லேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. 1931 முதல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. 2021-ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. 2025-ல் மின்சாரப் பேருந்துகளும் வந்துவிட்டன. ஆனால் பேருந்துகள் எல்லாம் அதே நெரிசலில்தான் நிற்கின்றன. நெரிசலில் சிக்கிய பேருந்து ஒரு நாளில் அடிக்க வேண்டிய நடைகளில் சில குறைகின்றன. நிறுத்தத்தில் காத்துக் காத்துச் சலித்தவர் தவணையில் பைக் வாங்குகிறார். நெரிசல் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை அறுக்காமல் பேருந்துகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதால் பயன் குறைவு.

சாலையே குறுகல், இதில் தனித் தடத்துக்கு இடமேது என்ற கேள்வி நியாயமானது. குறுகலான சாலையில்தான், அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முன்னுரிமை தேவைப்படுகிறது. ஓரத்தில் நாளெல்லாம் நிற்கும் கார்கள் அடைத்திருக்கும் இடமும் பொதுச் சொத்தே. 2008-ல் திறக்கப்பட்ட டெல்லியின் பேருந்துத் தடம் சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் டெல்லித் தடம் திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டே தொடங்கிய அகமதாபாத் தடத்தில் பேருந்துகள் இன்றும் ஓடுகின்றன. தமிழகத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறதே என்ற வாதமும் உண்டு. அதுவும் பேருந்துக்கே வலு சேர்க்கிறது: ஒவ்வொருவருக்கும் ஒரு மின்சாரக் கார் என்றால் எரிபொருள் எரியும் இடம்தான் பெரும்பாலும் மாறும்; பலர் ஒரே வண்டியில் போனால் தேவைப்படும் ஆற்றலே குறையும்.

அரசு தடம் ஒதுக்கினாலும் மக்கள் துணை நிற்காவிட்டால் அது நீடிக்காது. தெருவில் பார்க்கிங் கட்டணம் என்றதும் எதிர்க்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள், அந்தப் பணம் பேருந்து நிறுத்தம்வரை நல்ல நடைபாதை போடச் செலவாகும் என்ற உறுதியைக் கேட்டுப் பெற்று, அதை ஆதரிக்கலாம். ஊழியர்களுக்கு இலவச பார்க்கிங் தரும் நிறுவனங்கள், பேருந்தில் வருவோருக்கு மாதாந்திர பாஸ் செலவையும் ஏற்கட்டும். தடுப்புகள் அகலும் நாளிலேயே கோடு போட்டுத் தடத்தைப் பிரித்துவிட வேண்டும். கார்கள் அந்த இடத்துக்குப் பழகிவிட்டால் பிறகு மீட்பது மிகக் கடினம்.