காதால் குறி பார்ப்பவர்கள்

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று தொடங்குமுன் அபினவ் பிந்த்ரா சோதனையாக ஒரு குண்டு சுட்டுப் பார்த்தார். பத்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது நான்கு சொச்சம். தகுதிச் சுற்றில் 600க்கு 596 எடுத்த அதே மனிதர், அதே துப்பாக்கி. இடைவேளையில் சைட் நகர்ந்திருந்தது. யாரோ திருகியிருக்கலாம் என்று பின்னாளில் அவர் சொன்னார். எஞ்சிய சில நிமிடங்களில் அதைத் திருப்பிச் சரிசெய்தார். போட்டியின் முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8. இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது.

'சைட்' என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. அதை ஒதுக்கிவிடுவோம். துப்பாக்கியில் சைட் என்பது கண்ணையும் இலக்கையும் ஒரே கோட்டில் நிறுத்தும் உறுப்பு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தொலைநோக்கி பொருத்த அனுமதியில்லை. கண்ணருகே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை, குழல் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். துளை வழியே வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம். அந்த இடத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கடுகு அதைவிடப் பெரியது.

மலேசியாவில் இந்த விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது 2012 லண்டன் ஒலிம்பிக். எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்ட நூர் சுர்யானி தாய்பி 34ஆம் இடம் பெற்றார். தமிழ் வீடுகளில் இளவேனில் வாலறிவன் என்ற பெயரும் பழக்கம்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்டுவிட்டு 'பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?' என்று விசாரிக்கத் தொடங்கும் பெற்றோர் முதல் கேள்வியிலேயே தவறிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது பிள்ளையின் கண்ணைப் பற்றி.

பாரிஸில் 2024இல் உலகமே பகிர்ந்த அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். 51 வயது துருக்கிக்காரர் யூசுப் திகேச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து சுட்டு வெள்ளி வாங்கினார். கருவியெல்லாம் வெறும் பகட்டு என்று ஊர் சிரித்தது. அதே பாரிஸில் ஒரு கண்ணில் சிறப்பு வில்லை, மறு கண்ணில் மறைப்பு என்று நின்ற தென்கொரியாவின் கிம் யே-ஜியும் வெள்ளிதான் வாங்கினார். இரண்டு கண்ணுக்கு இரண்டு வழி. கருவி தேவையில்லை என்பதற்கு இதில் சான்று எதுவும் கிடையாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். ஒரே நேரத்தில் பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. கைத்துப்பாக்கியில் முன் சைட் மட்டும் துல்லியமாகத் தெரிந்தால் போதும், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்பது பயிற்சியாளர்களின் பழைய பாடம். ஆனால் நீட்டிய கையின் முனையில் இருப்பது வயது ஏற ஏற மங்கும். தூரப் பார்வைக்கான கண்ணாடி எண்ணோடு முக்கால் டயாப்டர் அளவு கூட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து முடிக்கிற வேலை இது. அதை விட்டுவிட்டுப் பல ஆயிரம் ரிங்கிட்டில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் துப்பாக்கிகளைத் தேடுவது, பல்வலிக்குப் புதுத் தட்டு வாங்குவது போல.

வாங்கிய பிறகும் ஒரு எதிரி உண்டு. கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. வில்லைகளில் சிலந்தி வலை மாதிரி படரும் பூஞ்சை எப்படி இருக்கும் என்பதைத் திருமணப் படம் எடுப்பவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது விரல் எண்ணெயையும் தூசியையும் தின்று வளர்கிறது, அமிலம் கக்கிக் கண்ணாடியின் பூச்சை அரிக்கிறது. அரித்த பிறகு துடைத்துப் பயனில்லை. பைனாகுலருக்கும் ஸ்கோப்புக்கும் இதே விதி. மழையில் நனைந்த பெட்டியை அப்படியே மூடினால் உள்ளிருக்கும் பஞ்சு மெத்தை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எஃகுத் திருகில் துரு ஏறும். படக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தினால் தீர்ந்தது. வில்லையைத் துடைக்குமுன் தூசியை ஊதிவிட வேண்டும். சட்டை முனையால் துடைப்பவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிடுவது நல்லது.

சட்டத்தை மறந்துவிடவும் கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைஃபிளும் ஆயுதமே, காவல்துறை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. இந்நாட்டில் இந்த விளையாட்டுக்கான நேர்மையான வாசல் சங்கமும் சுடுதிடலும்தான். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கிச் சுடுதல் நடந்த சுபாங் திடல் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது.

சுபாங்கிலிருந்து, நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால், வெகு தூரம் இல்லை கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். பூக்கடைகளையும் வாழையிலைச் சாப்பாட்டையும் தேடி வருகிறவர்கள் அங்கே இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள்: வெள்ளைக் கோல்கள், நடைபாதையில் பதித்த மஞ்சள் மேடுகள், பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள். 1951இல் தொடங்கிய மலேசிய பார்வையற்றோர் சங்கம் இருப்பது அங்கேதான். குறி பார்ப்பதைப் பற்றிய கட்டுரை இங்கே வந்து நிற்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சைட் என்ற கருவி கடந்த சில பத்தாண்டுகளில் எட்டிய வியப்பான இடம் இவர்களுக்கானது.

பார்வையற்றோர் பயன்படுத்தும் ஏர் ரைஃபிளில் துளையும் வளையமும் இருக்கும் இடத்தில் ஓர் ஒளி உணரி இருக்கும். விளக்கு வெளிச்சம் பட்ட இலக்கிலிருந்து திரும்பி வரும் ஒளியை அது அளக்கிறது, அளந்ததை ஒலியாக்கிக் காதொலிப்பானுக்கு அனுப்புகிறது. குழல் மையத்தை நெருங்க நெருங்கச் சுருதி ஏறுகிறது, விலகினால் இறங்குகிறது. உச்சச் சுருதியில் மூச்சைப் பிடித்து விசையை அழுத்த வேண்டும். ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடக்கும் விளையாட்டு இது. பாராலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதல் 1976 டொராண்டோவிலேயே நுழைந்துவிட்டது, ஆனால் பார்வையற்றோர் பிரிவு 2024 பாரிஸ் வரை அதில் இடம்பெறவில்லை.

ஒலி கேட்டு அம்பு விடுவது நமக்குப் புதிதல்ல. தசரதன் அப்படித்தான் விட்டான். குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை என்று நினைத்து அவன் கொன்றது, கண்ணற்ற பெற்றோரின் ஒரே மகனை. கதையில் அந்த வித்தை அரசன் கையில் இருந்தது, இழப்பு பார்வையற்றவர் வீட்டில் விழுந்தது. இந்த ஒலிச் சைட்டைப் பார்க்கையில், வித்தை இப்போதுதான் சேர வேண்டிய கைக்கு வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

பார்வையற்றவர் கையில் துப்பாக்கியா என்று முகம் சுளிப்பவர்கள் சுடுதிடல் ஒன்றுக்குள் போய்ப் பார்க்கட்டும். குழல் முனை எந்நேரமும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், கட்டளை வரும்வரை யாரும் குண்டு போடக் கூடாது, பக்கத்தில் உதவியாளர் நிற்பார். சுடப்படுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. கிள்ளான் செல்லும் சாலையைக் கோலோடு கடப்பவர் இதைவிடப் பெரிய ஆபத்தை அன்றாடம் சமாளிக்கிறார்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நாடு இது. திறமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது இந்நாட்டுக்குப் பாடமாகவே கிடைத்துவிட்டது. ஆகவே தேசிய துப்பாக்கிச் சுடும் சங்கமும் பார்வையற்றோர் சங்கமும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். தேவைப்படுவது பத்து மீட்டர் நீள அறை, இரண்டு மூன்று ஒலிச் சைட், உரிமத்தைத் திடலின் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாரம் ஒரு வேன். உலர்பெட்டியும் ஒன்று வேண்டும், அந்த உணரியின் முகப்பையும் நம் ஊர் ஈரம் விட்டுவைக்காது. தமிழ் அறக்கட்டளைகள் திருவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துண்டு இதற்குப் போதும்.

பயிற்சியாளருக்குப் புது மொழியும் வேண்டியிருக்காது. குண்டு எங்கே விழுந்தது என்பதை இந்த விளையாட்டில் கடிகாரமாகத்தான் சொல்வார்கள்: "ஒன்பது, நாலு மணிப் பக்கம்." பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பார்வையற்ற நண்பருக்குப் பரிமாறுகிறவரும் அப்படியே சொல்லலாம்: பன்னிரண்டு மணியில் பொரியல், மூன்று மணியில் ஊறுகாய், ஆறு மணியில் அப்பளம்.