பஞ்சம் வருமுன் பாத்தி கட்டுவோம்

போர் என்ற சொல் செவியில் விழுந்ததும் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பது இல்லத்தரசியரின் இயல்பு. பானையைப் பார்ப்போர் வளவையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ளது சம்பூர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. குண்டோசை அன்றே ஓய்ந்தது. அரிசிக் கவலையோ ஓயவில்லை. அதற்கு முந்திய மாதமே ரங்கூன் வீழ்ந்து, இலங்கைக்குப் பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. உணவுப் பயிரைப் பெருக்குமாறு அரசாங்கம் வேண்டியது.

எண்பது ஆண்டுகள் சென்றன. 2022இல் போர் இல்லாமலே தட்டுப்பாடு வந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. உரமும் எரிபொருளும் அரிதாயின. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கவும் அமைச்சரவை இணங்கியது. நல்ல எண்ணமே. ஆயினும் வெள்ளியன்று மண்ணைக் கொத்தினால் சனியன்று காய் கிடைக்குமா? கீரைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். வெண்டிக்கு ஒன்றரை மாதம். கத்தரிக்கு இரண்டரை மாதத்துக்கு மேல். மரவள்ளிக்கோ இன்னும் பல மாதங்கள் வேண்டும். பசி இத்தவணைகளுக்குக் காத்திராது. ஆகவே, கடையில் காய்கறி மலிந்திருக்கும் நாளே தோட்டம் தொடங்கும் நாள்.

இவ்வுண்மையைச் சம்பூர் மக்களைவிட நன்கறிந்தவர் யார்? 2006இல் போர் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. கிளிவெட்டி முதலிய முகாம்களில் பல்லாண்டு கழிந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் காணிகள் பல மீளக் கிடைத்தன. வளவு என்பது வெறும் மண்ணன்று. கிணறும், வேலியும், காய்க்கும் மரமும் சேர்ந்ததே வளவு. கூரையைச் சில மாதங்களில் வேய்ந்துவிடலாம். தென்னையும் பலாவும் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை கைகொடுப்பவை கீரைப் பாத்தியும், வேலியோரத்து முருங்கையுமே.

வீட்டுத்தோட்டம் அரிசிக்கு ஈடாகாது என்பதையும் மறைக்க மாட்டோம். அது தருவது சோற்றுக்குக் கறி, பிள்ளைகளின் உடலுக்கு உரம், கைக்காசுக்குக் காவல். அதற்குப் பெருநிலமும் வேண்டியதில்லை. மாரி மழைக்கு முன் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுங்கள். அரிசி கழுவிய நீரைக் கத்தரிக்கு ஊற்றுங்கள். இலைகுழைகளைக் கொளுத்தாது குழியிலிட்டு எருவாக்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. முதலிற் காய்க்கும் நல்ல காய்களில் இரண்டைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். விதைகளை உலர்த்திச் சாம்பலிற் பிசறி முடிந்து வையுங்கள். வளவைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலாது. விதை முடிச்சை மடியிற் கொண்டுபோகலாம்.